பத்துக்குப் பன்னிரண்டு அறை: எங்கள் கல்லூரி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கும், கல்லூரிக் குழுவில் உள்ள துறைத்தலைவர்களுக்கும்,

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, வேதியியல் துறைக்குப் பின்னால் படிக்கட்டுக்கு அடியில் எங்கள் இரும்பு பீரோ சாய்ந்து கிடந்தது. ராத்திரி நல்ல மழை. பீரோவின் ஒரு கதவு திறந்துகிடக்க, உள்ளே இருந்த ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்குமான பாடப் புத்தகங்கள் நனைந்து உப்பிப் போயிருந்தன. குரூப் 4 தேர்வுக்குப் படிக்க, படிப்பு முடிந்து போன ஒவ்வொரு அண்ணனும் அக்காவும் விட்டுச் சென்ற புத்தகங்கள் அவை. மேலே ஏறிப் பார்த்தால், பழங்குடி மாணவர்கள் நாங்கள் கூடிப் படிக்கிற எங்கள் அறைக்குப் புதுப் பூட்டு. சுவருக்கு இளமஞ்சள் பெயிண்ட். கதவில் 'விருந்தினர் ஓய்வறை' என்று பலகை.

சனிக்கிழமை மாலைவரை அங்கேதான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தோம். யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு முறை மனு கொடுத்தோம். முதல் மனுவைப் பற்றி அலுவலகத்தில் கேட்டால் "சார் டேபிள்ல இருக்கு" என்கிறார்கள். இரண்டாவது மனுவுக்கு, "நாக் குழு வந்து போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று வாய்ப்பேச்சில் பதில் வந்தது. கல்லூரிக்குத் தரம் போடுகிற அந்த நாக் குழு வந்தது, போனது. பலகை அப்படியே இருக்கிறது. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பெயர் போடவில்லை. போடாவிட்டாலும் நான் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் ஆண்டு வரலாறு, காலை ஷிப்டில், பழங்குடி மாணவி ஒருத்திதான் இருக்கிறேன். இந்தக் கடிதமே அந்த 'ஒருத்தி'யைப் பற்றித்தான்.

தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் எங்களுக்கு 1 சதவீதம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தில் பழங்குடியினர் 7,94,697 பேர், அதாவது 1.1 சதவீதம். ஆகவே கணக்கு சரியாக இருக்கிறது என்பார்கள். சரி, அந்தக் கணக்கு வகுப்பறைக்குள் வரும்போது என்ன ஆகிறது? அறுபது பேர் வகுப்பில் 1 சதவீதம் என்றால் முழுசாக ஒரு ஆள்கூட வராது. ஏதோ வட்டமாக்கி ஒருவரைச் சேர்க்கிறார்கள். வரலாற்றில் ஒருத்தி, வணிகவியலில் ஒருவன், தாவரவியலில் ஒருத்தி என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். ஒரு துறையில் இருப்பவருக்கு இன்னொரு துறையில் தன் பக்கத்து ஊர்ப் பிள்ளை படிப்பதே தெரியாது. முதல் வருஷம் நான்கு மாதம் எனக்கும் தெரியவில்லை.

அந்த நான்கு மாதம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். கோவை மாவட்டம் காரமடையிலிருந்து வெள்ளியங்காடு தாண்டி, மலைக்குள் போகிற வழியில் இருக்கிறது எங்கள் பதி. (பதி என்றால் எங்கள் இருளர் ஊர். முதல் நாள் வருகைப்பதிவின்போது "ஊர் பேரைக் கேட்டா பதிங்கிறே, பதி விரதையா?" என்று ஒரு சார் ஜோக்கடித்தார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவர் மனதில் கெட்ட எண்ணம் இருந்திருக்காது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதற்கப்புறம் யார் கேட்டாலும் ஊர் காரமடை என்றே சொல்ல ஆரம்பித்தேன்.) அடுத்த வாரம் ஒருவர் கேட்டார்: "நீ இருளரா? பாம்பு பிடிப்பியா?" பாம்பு பிடிப்பவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். அவர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்து விஷம் எடுத்துக் கொடுப்பதும், அவர்களில் இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்ததும் எனக்கும் பெருமைதான். ஆனால் என் அப்பா பாம்பைக் கண்டால் ஓடுகிற ஆள். காட்டில் தேன் எடுப்பார், சாமையும் ராகியும் போடுவார், மிச்ச நாளில் கூலிக்குப் போவார். இதையெல்லாம் அந்த வராந்தாவில் நின்று விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சிரித்து வைத்தேன்.

பேச்சும் அப்படித்தான். எங்கள் பேச்சு தமிழுக்குப் பக்கத்துச் சொந்தம், ஆனால் தமிழ் இல்லை. மொழியியல் படித்தவர்கள் இருள மொழியைத் தனித் திராவிட மொழியாகவே வைக்கிறார்கள். எல்லையில் இருக்கிற முள்ளியைத் தாண்டினால் கேரளத்தின் அட்டப்பாடி. அங்கே இருக்கிற நஞ்சம்மா பாட்டிக்கு, எங்கள் பேச்சில் பாடியதற்காக 2022-ல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவித்தார்கள். அப்போது நான் பள்ளியில் இருந்தேன். டீச்சர் என்னை எழுப்பிக் கைதட்டச் சொன்னார். அந்தப் பேச்சைக் கல்லூரியில் வாய்விட்டுப் பேச நான்கு மாதம் எனக்கு ஆளில்லை. போனில் பேசலாம் என்றால் பதியில் சிக்னல் கிடையாது.

அப்புறம்தான் அந்த அறை கிடைத்தது. பழைய வேதியியல் ஸ்டோர் ரூம், பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு பேராசிரியர் கேட்டு வாங்கித் தந்தார். அவர் ஓய்வு பெற்று இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டு மேசை, நாலு பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட். மூலையில் ஆசிட் வாசனை கடைசிவரை போகவே இல்லை.

அங்கே என்ன நடந்தது என்று உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஒருமுறைகூட நீங்கள் உள்ளே வந்ததில்லை என்பதால் சொல்கிறேன்.

காலை ஷிப்ட் ஒரு மணி சுமாருக்கு முடிகிறது. உடனே மதிய ஷிப்ட் பிள்ளைகள் வகுப்பறைகளுக்கு வந்துவிடுவார்கள். மலைக்குப் போகிற பஸ் மாலை ஐந்துக்குத்தான். நடுவில் நான்கு மணி நேரம். ஊர்க்காரப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து டியூஷனுக்கும் போய்விடலாம். விடுதியில் இடம் கிடைத்தவர்களும் தப்பித்தார்கள். (2025-ல் அரசு விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர். எங்களில் இடம் கேட்டுக் கிடைக்காதவர்களுக்கு அந்தப் பெயரால் இன்னும் கட்டில் வரவில்லை.) மீதிப்பேர் அந்த நான்கு மணி நேரத்தை எங்கே வைப்பது? புங்கை மரத்தடியில் உட்கார்ந்தால் "இங்க என்ன கூட்டம்" என்று காவலாளி அண்ணன் எழுப்புவார். அவர் வேலை அது. நூலகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பையை வெளியே வைக்க வேண்டும், பேசக் கூடாது, சாப்பிடக் கூடாது, சார்ஜர் போடக் கூடாது. காலை ஐந்தரைக்குக் கட்டிய சோற்றைப் பகல் ஒன்றரைக்குத் தின்ன எனக்கு நூலகம் உதவாது.

எங்கள் அறையில் தின்றோம். களி என்றால் களி, சாமைச் சோறு என்றால் சாமைச் சோறு. யாரும் எட்டிப் பார்த்து "இது என்ன கறுப்பா" என்று கேட்கவில்லை. தின்றுவிட்டு ஒருவர் போனைச் சார்ஜ் போட, ஒருவர் கல்லூரி வைஃபையில் அசைன்மென்ட் அனுப்ப, இரண்டாம் ஆண்டு அக்கா முதலாண்டுப் பிள்ளைக்கு ஆங்கிலப் பாடத்தை எங்கள் பேச்சில் சொல்லிக்கொடுப்பார். ஒரு கவிதையை அப்படிக் கேட்டபோதுதான் எனக்கு முதன்முதலாகப் புரிந்தது. உதவித்தொகை விண்ணப்பத்தை அங்கேதான் நிரப்பினோம். எங்களுக்கு இனச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். எந்தக் கிழமை போனால் அலுவலகத்தில் ஆள் இருப்பார், எந்தப் பழைய காகிதத்தைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் அந்த அறையில் வாய்வழியாகக் கைமாறிய அறிவு. எந்த அலுவலகப் பலகையிலும் அது எழுதி வைக்கப்படவில்லை.

சுவரில் ஒரு சிறு கரும்பலகை மாட்டியிருந்தோம். அதில் மலைக்குப் போகும் பஸ்களின் நேரம் எழுதியிருக்கும். பலகையின் வலது ஓரத்தில் யாராவது யானைப் படம் வரைந்திருந்தால், அன்றைக்கு ரோட்டில் யானை நடமாட்டம், கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்காதே என்று அர்த்தம். காலையில் வருகிறபோது பார்த்தவர் வரைந்து வைப்பார். வரையத் தெரியாத ஒரு தம்பி வரைந்தால் அது பன்றி மாதிரி இருக்கும். சிரித்துக்கொண்டே முந்தின பஸ்ஸைப் பிடிப்போம். பெயிண்ட் அடித்தபோது அந்தப் பலகையைக் கழற்றியிருக்கிறார்கள். அது எங்கே போனது என்று இன்னும் தெரியவில்லை.

என்னோடு அந்த வருஷம் சேர்ந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஏழு பேர். மூன்றாம் ஆண்டுக்கு வந்தது நான்கு பேர். போன மூவரில் ஒருத்தி அறையைப் பற்றித் தெரியவருவதற்கு முன்பே நின்றுவிட்டாள். வேறு துறை, வேறு கட்டடம். வகுப்பில் டப்பாவைத் திறந்தபோது பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பிடித்தாளாம். அன்றிலிருந்து மதியம் சாப்பிடாமலே இருந்திருக்கிறாள். முதல் செமஸ்டர் தேர்வோடு சரி. இப்போது மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு மில்லில் ஷிப்டுக்குப் போகிறாள். ஒரு நாள் பஸ்ஸில் பார்த்தபோது, "நீங்க எல்லாம் ஒண்ணா உக்காந்து சாப்பிடற ரூம் இருந்துச்சாமே, எனக்கு யாரும் சொல்லலையே" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை, ஐயா. சேர்க்கை நாளன்று அலுவலகம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் போதும்.

இனி நாக் குழு வந்த நாளைப் பற்றி.

அதற்கு முந்தின வாரம், பழங்குடி மாணவ மாணவியர் அனைவரும் வரவேற்பு நடனத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எங்களை ஒன்றாகக் கூப்பிட்டு வந்த முதல் சுற்றறிக்கை அதுதான். ஆடை வாடகைக் கடையிலிருந்து வந்திருந்தது: பச்சைத் துணியில் வெட்டிய இலைப் பாவாடை, தலைக்கு இறகு வைத்த பட்டை. என் பாட்டி சேலை கட்டுகிறவர். எங்கள் பதியில் யாரும் தலையில் இறகு வைத்து நான் பார்த்ததில்லை. அதைப் போட மாட்டோம், சேலையில் ஆடுகிறோம் என்றோம். பெரிய மனதோடு ஒத்துக்கொண்டார்கள். ஆடினோம். கைதட்டினார்கள். நன்றாகத்தான் ஆடினோம், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

உடை மாற்ற இடம் கேட்டோம். கழிப்பறைக்குப் போகச் சொன்னார்கள். ஈரத் தரையில் சேலை படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்திக்கொருத்தி மறைப்பு நின்று மாற்றினோம். திரும்பி வரும் வழியில் எங்கள் பழைய அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சோபா, மேசைமேல் பிளாஸ்க், ஒரு தட்டில் முந்திரி, ஒரு தட்டில் ஆப்பிள் துண்டுகள். யாரும் இல்லை.

இதில் நான் பொறுக்க முடியாதது சோபாவோ முந்திரியோ இல்லை. குழுவுக்குக் கொடுத்த அறிக்கையில், 'சிறந்த நடைமுறைகள்' என்ற பகுதியில், 'பழங்குடி மாணவர் கற்றல் மையம்' என்று அதே அறையைப் போட்டிருக்கிறீர்கள். படத்தில் நான் இருக்கிறேன். மேசைமேல் என் சாப்பாட்டு டப்பாவும் இருக்கிறது. காகிதத்தில் நாங்கள் அந்த அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறோம். அந்த நேரத்தில் படிக்கட்டடியில் புத்தகம் காய வைத்துக்கொண்டிருந்தோம்.

மனுவோடு போனபோது துறைத்தலைவர் ஒருவர் கேட்டார்: "உங்களுக்கு மட்டும் எதுக்குத் தனி ரூம்? எல்லாரும் ஒண்ணாதானே இருக்கணும்?" கேள்வி நியாயமாகத்தான் தெரியும். என்.சி.சி.க்கு அறை இருக்கிறது, நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு இருக்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிற முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் இருக்கிறது. அவற்றால் யாரும் பிரிந்துபோனதாகத் தெரியவில்லை. எங்கள் கதவும் யாருக்கும் மூடியதில்லை. வணிகவியல் பையன்கள் கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், விரட்டுவதுதான் கஷ்டம். நாங்கள் ஒன்றாக இருக்கத்தான் அறை கேட்கிறோம். தனித்தனியாக இருப்பதுதான் எங்களுக்கு ஏற்கெனவே வகுப்பறையில் கிடைக்கிறதே.

வெளிநாட்டில் இதைப் பெரிதாகவே செய்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகம் 1986-லேயே மாவோரி மக்களின் கூடுமிடமான 'மராய்' ஒன்றை வளாகத்துக்குள் திறந்தது. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் 1988-ல். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 1993-ல் பூர்வகுடி மாணவர்களுக்காக நீண்ட மரவீடு கட்டியது. வெலிங்டனில் இருப்பதன் பெயர் 'தே ஹெரெங்கா வாகா'. தோணிகளைக் கட்டிப்போடும் முளை என்று பொருள். இதை எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பில்லூர் அணைத் தண்ணீரில் பரளிக்காட்டில் சுற்றுலாக்காரர்களைப் பரிசலில் ஏற்றிப் போகிறவர்கள் எங்கள் ஆட்கள்தான். கரையில் கட்டாத பரிசல் என்ன ஆகும் என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அந்த அளவுக்கு வீடெல்லாம் நாங்கள் கேட்கவில்லை. ஆசிட் வாசனையோடு இருந்த எங்கள் ஸ்டோர் ரூமைக் கேட்கிறோம்.

சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினரின் கல்வி நலனைத் தனி அக்கறையோடு வளர்க்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு. ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையம் வேண்டும், பாகுபாட்டைத் தடுக்கும் அலுவலர் ஒருவர் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-ல் விதிமுறை கொண்டுவந்தது. நம் கல்லூரியில் அந்த மையத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று மூன்று வருஷமாக எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

அறையை இந்த மாத இறுதிக்குள் திருப்பித் தர வேண்டும். அதே அறை முடியாது என்றால் அதே அளவில், தரைத்தளத்தில், பெண்கள் கழிப்பறைக்குப் பக்கத்தில் வேறொன்று. ஆனால் ஒரு பேராசிரியரின் நல்ல மனதை நம்பி நிற்கிற ஏற்பாடாக அது மறுபடி இருக்கக் கூடாது. கல்லூரியின் இடப் பதிவேட்டில் 'பழங்குடி மாணவர் அறை' என்று எழுதி, கல்லூரிக் குழுத் தீர்மானத்தோடு தாருங்கள். அதை வேறு எதற்காவது எடுக்க நேர்ந்தால் பதினைந்து நாள் முன்னால் எங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். காலை எட்டு முதல் மாலை ஐந்தரை வரை திறந்திருக்க வேண்டும். ஒரு சாவி அலுவலகத்தில், ஒரு சாவி எங்களில் இருவர் பொறுப்பில். ப்ளக் பாயிண்ட் குறைந்தது நான்கு வேண்டும்.

நனைந்து போன புத்தகங்களின் பட்டியலை இரண்டாவது மனுவோடு இணைத்திருக்கிறோம், மொத்தம் நாற்பத்தொன்று. அவற்றை வாங்கித் தர வேண்டும். கரும்பலகையைக் கண்டுபிடித்துத் தர வேண்டும்.

அடுத்த சேர்க்கையிலிருந்து, பழங்குடிப் பிரிவில் சேரும் ஒவ்வொருவருக்கும் அறை எங்கே இருக்கிறது, அங்கே யாரைப் பார்க்கலாம் என்று சேர்க்கை நாளன்றே சீட்டு எழுதிக் கொடுங்கள். சம வாய்ப்பு மையத்தின் உறுப்பினர் பெயர்களைப் பலகையில் போடுங்கள். அதில் எங்களில் ஒருவர் இருக்கட்டும்.

அறையைத் தருவதில்லை என்று முடிவு செய்தால், அந்தப் படத்தை அறிக்கையிலிருந்தும் கல்லூரி இணையதளத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

நடனத்துக்கு இனிமேல் சுற்றறிக்கை வேண்டாம். எங்களிடம் கேளுங்கள். விருப்பம் உள்ளவர்கள் வருவார்கள், தங்கள் உடையில் வருவார்கள். உடை மாற்ற அறை கொடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

பதிலை எழுத்தில் தாருங்கள், ஐயா. ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டியதில்லை, அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். ஒரு மணிக்கு வகுப்பு முடிந்ததிலிருந்து ஐந்து மணிவரை இப்போது அதன் எதிரில் இருக்கிற திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு வரலாறு மாணவி, காலை ஷிப்ட்